மார்புக்குள் வைக்கும் ஐ.சி.டி. கருவி: கருவிக்கும் பின்கவனிப்புக்கும் தனித்தனி மதிப்பெண்

மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனப்பட்டு, மருத்துவர்களின் பரிந்துரையின்படி, ஆபத்தான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியை மார்புக்குள் பொருத்திக்கொண்டு, தக்கலைப் பக்கம் சில ஆண்டுகளாக அதனோடு வாழ்ந்துவரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். மிக்ஸி வாங்குவதற்குக்கூட நாலு பேரிடம் விசாரிக்கும் நாம், உடம்புக்குள் வைக்கும் இந்தப் பொருளுக்கு, அதைப் பயன்படுத்தியவர் ஒருவரிடம்கூடப் பேசாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் குறையைக் கொஞ்சமாவது போக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி, செய்வதாகச் சொன்ன வேலையைச் செய்கிறது. அதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஆனால் கருவியோடு ஒருவர் நிம்மதியாக வாழ்கிறாரா, நாளெல்லாம் பயந்துகொண்டு வாழ்கிறாரா என்பது, அதன் அளவுகளை அமைத்து, குடும்பத்துக்கு விளக்கிச் சொல்லி, ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் கிளினிக்கின் கையில்தான் இருக்கிறது. ஆகவே குமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் கிளினிக்கை முதலிலும் கம்பெனியை இரண்டாவதாகவும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இதையும் பேஸ்மேக்கர் என்றே பலரும் சொல்வார்கள். பேஸ்மேக்கர், துடிப்பு மந்தமாகும் இதயத்துக்குத் துடிப்பை எடுத்துக்கொடுப்பது. ஐ.சி.டி. அந்த வேலையையும் செய்யும். அதற்கு மேலாக, இதயத்தின் கீழறைகள் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடத் தொடங்கினாலோ, துடிப்பே இல்லாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கினாலோ, அதைத் தானே கண்டுகொண்டு மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தும். டைட்டானிய உறைக்குள் பேட்டரியும் மின்சுற்றும் அடங்கிய, ஏறத்தாழ 70 முதல் 80 கிராம் எடையுள்ள பெட்டி இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும். அதிலிருந்து ஓர் ஒயர் சிரை வழியாக இதயத்தின் வலது கீழறைக்குப் போகும். ஆபத்தான துடிப்பைக் கண்டதும் கருவி சில நொடிகளில் மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு, அதிகபட்சமாக 35 முதல் 40 ஜூல் வரை செலுத்தும். கீழறைகள் நடுங்கத் தொடங்கிய பின் சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த கணக்கு. பேச்சிப்பாறைக்கு அப்பால் ரப்பர் தோட்டத்துக்குள் விழும் ஒருவரை எந்த ஆம்புலன்ஸும் அந்த நேரத்துக்குள் எட்ட முடியாது. கருவியோ சிகிச்சையைக் கூடவே வைத்திருக்கிறது.

தன் மூத்த சக மருத்துவர் ஒருவரை இத்தகைய துடிப்புக் கோளாறுக்குப் பறிகொடுத்த மிஷெல் மிரோவ்ஸ்கி, மார்ட்டன் மவர் என்பவருடன் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இந்தக் கருவி, 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அன்றைய கருவியை வயிற்றுப் பகுதியில் வைத்து, நெஞ்சைத் திறந்து இதயத்தோடு இணைத்தார்கள். எனக்கோ, தோள்பட்டைக்குக் கீழே ஒரு விரல் நீளத் தழும்பு மட்டும் இருக்கிறது.

எனக்கு இதை ஏன் சொன்னார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கேதான் முதல் குழப்பம் தொடங்குகிறது. ஒரு முறை உயிர் போய்த் திரும்பியவர்களுக்கு இந்தக் கருவி தேவை என்பதில் எவருக்கும் ஐயம் வராது. என்னைப் போன்றவர்களுக்கு அப்படி எதுவும் நடந்திருக்காது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் விகிதம் எக்கோ என்னும் இதய ஸ்கேனில் 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும், அவ்வளவுதான். மாரடைப்பு வந்து குறைந்தது 40 நாள் கழித்தும், ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்திருந்தால் 3 மாதம் மருந்துகளைச் சாப்பிட்ட பிறகும், எக்கோவைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் இதயம் தேறிவிடும் நோயாளிகளும் இருக்கிறார்கள். 2005-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இதயம் பலவீனமான 2,521 பேரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, கருவி வைக்காதவர்களில் 100-க்கு 29 பேரும் வைத்தவர்களில் 100-க்கு 22 பேரும் இறந்திருந்தார்கள். ஏழு பேரின் உயிர் சிறிய விஷயம் இல்லை. அதே நேரத்தில், கருவி இதயத்தைப் பலப்படுத்துவதில்லை என்பதையும், மாத்திரைகளும் உப்புக் கட்டுப்பாடும் அப்படியே தொடர வேண்டும் என்பதையும் இந்தக் கணக்கே காட்டுகிறது. மருத்துவர் இந்த எண்களைச் சொல்லிப் புரியவைத்தால், பொருத்திக்கொள்பவர் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பார்.

விலை சில லட்சம் ரூபாய். ஒற்றை ஒயரா இரட்டை ஒயரா, எந்தக் கம்பெனி, எம்.ஆர்.ஐ. எடுக்கத் தகுந்த வகையா என்பதைப் பொறுத்து அது மாறும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதில் கருவிக்கு எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே நாள் குறிக்க வேண்டும்.

பொருத்தும் சிகிச்சையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், தோளில் அழுத்தம் தெரிந்தது, முடிந்தது. பிறகு வருவதுதான் பலரையும் படுத்துகிறது. ஒயர் இடம்பிடித்து உறுதிப்படும்வரை நாலு முதல் ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக் கையை அசைக்காமலே மாதக்கணக்கில் மடியில் வைத்திருந்து, தோள் இறுகிப்போய், வலி தாளாமல் எண்ணெய் போட்டுத் தேய்க்க வர்ம ஆசானிடம் போனவர்கள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. ஆசான்மார்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு; என் தந்தையின் முறிந்த முழங்கையைச் சரிசெய்தவர் ஓர் ஆசான்தான். ஆனால் கருவி இருக்கும் பக்கத்தில் அழுத்தித் தேய்ப்பதும், பெட்டியைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பதும் ஒயரை முறுக்கி இதயத்திலிருந்து இழுத்துவிடக் கூடும். தோளுக்குக் கீழே கையை முதல் நாளிலிருந்தே மெல்ல அசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஒரு வரியை மருத்துவமனையில் சொல்லிவிட்டால் இந்தத் துன்பத்தில் பெரும்பகுதி வராது.

இனி, எல்லோரும் கேட்கும் ஷாக்கைப் பற்றிச் சொல்கிறேன். வேகமான துடிப்புகள் அனைத்துக்கும் கருவி உடனே அடிப்பதில்லை. பலவற்றை, இதயத்தின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் சில சிறு துடிப்புகளைக் கொடுத்து, வலியே இல்லாமல் அடக்கிவிடுகிறது; எனக்கு அப்படி நடந்திருந்தது செக்கப்பில் பதிவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதில் அடங்காவிட்டால்தான் ஷாக். எனக்கு அது தக்கலைச் சந்தையில் வந்தது. பையில் வெண்டைக்காயை வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றபோது, கடைக்காரரின் குரல் தூரத்திலிருந்து வருவது போலானது, கண் மங்கியது, உட்கார வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் நெஞ்சுக்குள்ளிருந்து மாடு உதைத்தது போல ஓர் அடி. வாயைத் திறந்து கத்தியிருக்கிறேன். அடுத்த நொடியில் எல்லாம் தெளிவாக இருந்தது. வலி இல்லை, நெஞ்சில் லேசான கனம் மட்டும். கடைக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷாக் வரும் நேரத்தில் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு அதிகபட்சம் லேசான சுருக்கென்ற உணர்வு வரலாம், ஆபத்து இல்லை. மனைவி மக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியது மிகவும் அவசியம். பேரப்பிள்ளையை மடியில் வைக்கவே அஞ்சி ஒதுங்கியிருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.

அன்று கருவி தன் வேலையைச் செய்தது. அதைப் பொருத்திய மருத்துவமனை செய்யவில்லை. அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் அடையாள அட்டையையும் பில்லையும் தந்தார்களே தவிர, ஷாக் வந்தால் என்ன செய்வது என்று எவரும் சொல்லவில்லை. அட்டையிலிருந்த எண்ணைச் சந்தையிலிருந்தே அழைத்தபோது எடுத்தவருக்கு ஐ.சி.டி. என்றால் என்னவென்று தெரியவில்லை. காப்பீட்டுப் பிரிவுக்கு இணைப்பைக் கொடுத்தார். செக்கப் என்பதும் அங்கே, கம்பெனி டெக்னீஷியன் வந்து, கருவியைப் படிக்கும் கணினியின் உணர்முனையை மார்பின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்று சொல்லிப் போவதாகவே இருந்தது. என்ன நார்மல் என்று கேட்டால் பதில் வராது.

பிறகு திருவனந்தபுரத்தில் வேறொரு கிளினிக்குக்கு மாறினேன். இருதய நோய் என்றால் எல்லை தாண்டி அங்கே போவது எங்கள் மாவட்டத்தாருக்குத் தலைமுறை வழக்கம். ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிலையத்தின் பெயரை அறியாத குடும்பம் இங்கே குறைவு. நான் போகும் கிளினிக்கில் முதல் நாளே ஒரு செவிலியர் என்னையும் மனைவியையும் உட்காரவைத்து, அரைத் தாளில் எழுதியே கொடுத்தார்: ஒரே ஒரு ஷாக் வந்து, பிறகு உடம்பு நன்றாக இருந்தால், பதறாமல் அன்றோ மறுநாளோ கிளினிக்கை அழைத்துப் பேசலாம், ஷாக்குக்குப் பின் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ, 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது ஷாக் வந்தாலோ, உடனே 108-ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த அரைத் தாள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அமைதியை எந்தப் புதிய மாடல் கருவியும் கொண்டுவந்திருக்காது.

தவறான ஷாக் என்பதும் உண்டு. விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பை ஆபத்தான துடிப்பாக எண்ணியோ, ஒயர் உள்ளே விரிசல் விட்டோ, வெளியிலிருந்து வரும் மின்கசிவாலோ கருவி தேவையில்லாமல் அடிக்கலாம். கிளினிக்கின் வரவேற்பறையில் பழக்கமான, மார்த்தாண்டத்துக்கு அருகில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்கு, கிணற்று மோட்டாரின் இரும்புக் குழாயை ஈரக்கையால் தொட்ட நேரத்தில் ஷாக் வந்தது. மயக்கமும் இல்லை, கண் இருளவும் இல்லை, திடீரென அடி. கருவியின் பதிவை எடுத்துப் பார்த்தபோது, இதயத் துடிப்பு சீராகவே இருந்திருக்கிறது. அதன்மேல் வீட்டு மின்சாரத்தின் அலை ஏறியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். மோட்டாருக்கு எர்த் ஒயரே இல்லை. சாதாரண மனிதருக்கு உள்ளங்கையில் லேசான கூச்சமாகத் தெரியும் கசிவு, ஐ.சி.டி. வைத்தவருக்கு முழு ஷாக்காக வந்து முடிகிறது. மழைக்காலம் நீண்ட நம் மாவட்டத்தில், கருவி வைத்து வீட்டுக்கு வருமுன்பே மோட்டார், வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றின் எர்த் இணைப்பை ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

தவறான ஷாக்குகளைக் குறைப்பதில் கருவியின் விலையைவிட அதன் அளவமைப்புக்கே பங்கு அதிகம். 2012-இல் வெளிவந்த, 1,500 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில், துடிப்பு நிமிடத்துக்கு 200-ஐத் தாண்டினால் மட்டும் தலையிடும்படியோ, சற்றுப் பொறுத்துத் தலையிடும்படியோ அமைத்தபோது, தேவையற்ற சிகிச்சைகள் பெருமளவு குறைந்தன. உயிரிழப்பும் கூடவில்லை, குறைந்தது. ஆகவே "என் கருவி எத்தனை துடிப்பில் அடிக்கும், எவ்வளவு நேரம் காத்திருக்கும்" என்று கேட்க ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமை உண்டு. என் புதிய கிளினிக்கில் இந்த எண்களை அட்டையின் பின்பக்கம் எழுதித் தந்தார்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு கம்பெனியின் கருவியை அந்தக் கம்பெனியின் கணினிதான் படிக்கும். நள்ளிரவில் அடுத்தடுத்துத் தவறான ஷாக் வந்தால், அருகிலுள்ள மருத்துவமனையில் அந்தக் கணினி இல்லாவிட்டாலும், பெட்டியின்மேல் ஒரு வளையக் காந்தத்தை வைத்து ஷாக்கைத் தற்காலிகமாக நிறுத்த மருத்துவர்களால் முடியும். எடுத்தவுடன் கருவி பழையபடி காவலுக்கு வந்துவிடும். அட்டையை எப்போதும் பணப்பையில் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

படுக்கையருகே வைத்து, கருவியின் பதிவை கிளினிக்குக்கு அனுப்பும் சிறு பெட்டியும் கிடைக்கிறது. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடமானால் அதற்குப் பணம் கொடுக்கலாம். ஒயர் கோளாறையும் பேட்டரிக் குறைவையும் அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஆனால் மறுமுனையில் இரவும் பகலும் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அவசரம் என்றால் 108 மட்டுமே.

மனத்தைப் பற்றி மருத்துவமனைகள் பேசுவது மிகக் குறைவு. கருவி வைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஷாக் வாங்கியவர்களிடம் அது கூடுதல். ஷாக் வந்த இடத்தையே மனம் தவிர்க்கும். சந்தைக்குத் திரும்பப் போக எனக்கு நெடுநாளானது. என் மனைவி இன்றும் குளியலறைக்கு வெளியே நின்று, "கதவைக் கொண்டி போடாண்டாம்" என்று சொல்கிறாள், போடுவதில்லை. இணையத்தைச் சேர்ந்த ஒரு மீனவர், ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வாரக்கணக்கில் இருந்தவர், என்னிடம் கேட்டார்: "சாரே, கரையில வச்சு அடிச்சா நீங்க இருக்கிய. நடுக்கடல்ல வச்சு அடிச்சா நான் யாருகிட்ட போவேன்?" அவர் கடலை விட்டு, துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் வேலைக்கு மாறியிருக்கிறார். கருவி அவர் உயிரைக் காக்கிறது, தொழிலை வாங்கிக்கொண்டது. லாரி, பேருந்து ஓட்டுபவர்களுக்கும் இதுவே நிலை, ஏனெனில் பெரும்பாலான வழிகாட்டு நெறிகள் கருவி வைத்தவரைத் தொழில்முறை ஓட்டுநராக ஏற்பதில்லை. சொந்த வண்டி ஓட்டுபவரும் ஷாக் வந்த பிறகு மருத்துவர் சொல்லும் மாதங்கள்வரை ஓட்டக் கூடாது. இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே சொல்லி, மாற்றுத் தொழிலைப் பற்றிக் குடும்பத்தோடு பேச ஒருவர் இருக்க வேண்டும். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் வேலையை விடவில்லை. விடிவதற்கு முன் தனியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டு, தம்பியோடு சேர்ந்து போகிறார். அப்படி ஒரு வழியைக் கண்டுபிடிக்க உதவுவதும் மருத்துவத்தில் அடங்கியதே.

மற்ற எச்சரிக்கைகள் எளியவை. கைப்பேசியைப் பெட்டியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும்; சட்டையின் இடது பையில் போடும் பழக்கம் நம் ஆண்களுக்கு இருப்பதாலும், பின்புறம் காந்தம் வைத்த புதிய கைப்பேசிகள் கருவியின் காவலை நிறுத்திவைக்கக் கூடியவை என்பதாலும் இதை வலியுறுத்துகிறேன். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் விலகி நின்றால் போதும். மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்காமல் நடந்துவிடலாம். கைக்கருவியை மார்பின்மேல் பிடிக்க வேண்டாம் என்று அட்டையைக் காட்டிச் சொல்லலாம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குத் தாராளமாகப் போகலாம், ஒலிபெருக்கிப் பெட்டியில் சாய்ந்து நிற்காமலிருந்தால் சரி. ஆழமான நீரில் தனியாக இறங்கவே கூடாது. காரில் முன்சீட்டில் உட்காரும்போது சீட் பெல்ட் சரியாக இடது தோளில், பெட்டியின்மேல் அழுந்தும். பெல்ட்டைக் கழற்றாமல், ஒரு சிறு துண்டை மடித்து நடுவே வைத்துக்கொள்கிறேன்.

பேட்டரி பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டு, சில மாடல்களில் அதற்கு மேலும் வரும். தீர்வதற்கு ஏறத்தாழ 3 மாதம் முன்பே கருவி அறிவிக்கும்; பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். மாற்றும்போது கிருமித்தொற்று அபாயம் முதல் முறையைவிடக் கூடுதல் என்பதால், காயத்தில் சிவப்போ சீழோ காய்ச்சலோ தெரிந்தால் வீட்டில் மருந்து போடாமல் கிளினிக்குக்கே போக வேண்டும்.

கடைசிக் காலத்தைப் பற்றியும் கேட்டு வைத்திருக்கிறேன். தீராத நோயில் படுத்திருக்கும் ஒருவருக்கு, அமைதியாகப் போக வேண்டிய நேரத்தில் கருவி ஷாக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். நோயாளியும் குடும்பமும் விரும்பினால், ஷாக்கை மட்டும் கணினி வழியாக வலியில்லாமல் அணைத்துவிடலாம். தகனம் செய்யும் குடும்பங்கள், சூட்டில் பேட்டரி வெடிக்கும் என்பதால், கருவியை முன்பே எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்கு முன் அது அணைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுப்பவருக்கு ஷாக் அடிக்கும். அடக்கம் செய்பவர்கள் எடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கருவி தேவை என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஆனால் முன்பணம் கட்டுமுன், ஷாக் வந்தால் எந்த எண்ணை அழைப்பது, அதை எடுப்பவர் யார், செக்கப்பில் மருத்துவர் கூட இருப்பாரா, என் கருவியைப் படிக்கும் கணினி குமரி மாவட்டத்துக்குள் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். இவற்றுக்குத் தாளில் எழுதிப் பதில் தரும் மருத்துவமனை நாகர்கோவிலில் இருந்தாலும் திருவனந்தபுரத்தில் இருந்தாலும், அங்கேயே பொருத்திக்கொள்ளலாம்.